முதல் பட்டதாரி சலுகை போக மீதிக் கட்டணத்துக்கு என்ன வழி?

கேள்வி: மகளுக்குப் பொறியியல் கவுன்சிலிங்கில் சுயநிதிக் கல்லூரியில் பி.இ. சீட் கிடைத்திருக்கிறது. முதல் பட்டதாரி சலுகை போக, விடுதியும் சேர்த்து வருடத்துக்கு ஒரு லட்சம் வருகிறது. எங்களால் 20,000 புரட்ட முடியும். மீதி 80,000-க்கு நகைக்கடனா, கல்விக்கடனா?

பதில்:

கல்விக்கடன்தான். ஆனால் வங்கி வாசலை மிதிப்பதற்கு முன், கடனில்லாமல் வரவேண்டிய பணம் முழுக்க வந்துவிட்டதா என்று ஒருமுறை பாருங்கள்.

மகள் 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவரா? 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்த சீட் என்றால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாமே அரசு பார்த்துக்கொள்ளும். அந்த ஒதுக்கீட்டில் இல்லாமல் பொதுக் கவுன்சிலிங்கில் சீட் எடுத்திருந்தால் அது பொருந்தாது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 மட்டும் வரும். வருடம் 12,000 என்பது மெஸ் பில்லில் ஒரு பகுதி, விட்டுவிடாதீர்கள். அடுத்து, சாதிவாரி உதவித்தொகை. குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் கல்லூரியில் உதவித்தொகை பார்க்கும் ஆளிடம் முதல் வாரமே பெயர் கொடுங்கள். கல்விக் கட்டணத்துக்கு ஒரே நேரத்தில் இரண்டு சலுகை கிடைக்காது. முதல் பட்டதாரியா, உதவித்தொகையா, எது அதிகம் என்று கணக்குப் போட்டுத்தான் எடுக்கவேண்டும்.

இந்தப் பணம் வராமல் போவதற்கு முக்கியக் காரணம் தகுதி இல்லாதது அல்ல, வங்கிக் கணக்கு. கணக்கில் ஆதார் எண் கொடுத்திருப்பது வேறு, உதவித்தொகை வந்து விழும் கணக்காக ஆதாரோடு 'சீடிங்' ஆகியிருப்பது வேறு. கடைசியாக எந்த வங்கியில் சீடிங் செய்தீர்களோ அங்கேதான் பணம் போகும். ஊரில் ஒரு கணக்கு, கல்லூரி வளாகத்தில் இன்னொரு கணக்கு என்று வைத்துக்கொண்டு, காலியாகக் கிடக்கும் பாஸ்புக்கையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

இனி கடன். வருடம் 80,000 வீதம் நான்கு வருடத்துக்கு 3.2 லட்சம். இந்தத் தொகை முக்கியம். 4 லட்சம் வரை சொத்து ஜாமீனும் இல்லை, உங்கள் பங்காகக் கட்டவேண்டிய 'மார்ஜின்' தொகையும் இல்லை. பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும். லேப்டாப்பையும் சேர்க்கலாமே என்று 4.5 லட்சம் கேட்டால், மார்ஜின் கேட்கும் அடுத்த படிக்குப் போய்விடுவீர்கள். உள்நாட்டுப் படிப்புக்கு மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் பரிசீலனைக் கட்டணம் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

விண்ணப்பத்தை மத்திய அரசின் கல்விக்கடன் இணையதளமான பி.எம். வித்யாலட்சுமி போர்ட்டலில் போட்டுவிட்டு, பிரின்ட் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பக்கத்துக் கிளைக்குப் போங்கள். கல்லூரி ஊர்க் கிளைக்குப் போனால் திருப்பித்தான் அனுப்புவார்கள். கையில் இருக்கவேண்டியவை: கவுன்சிலிங் ஒதுக்கீட்டு ஆணை, 10, 12 மதிப்பெண் பட்டியல், இருவரின் ஆதார், பான், தாசில்தார் வருமானச் சான்று, கல்லூரி தரும் போனஃபைட் (அங்கே படிக்கிறார் என்ற சான்று), கட்டண விவரம்.

கட்டண விவரத்தில்தான் பல விண்ணப்பங்கள் இடறுகின்றன. நான்கு வருடத்துக்கும் வருடவாரியாக, கல்விக் கட்டணம், விடுதி, மெஸ், தேர்வுக் கட்டணம் என்று தனித்தனியாக இருக்கவேண்டும். முதல் பட்டதாரி சலுகையைக் கழித்த தொகை தெரியவேண்டும். 'மற்றவை 35,000' என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால் மேலாளர் அந்த வரியை அடித்துவிடுவார். நன்கொடை எந்தப் பெயரில் இருந்தாலும் கடனில் வராது.

இன்னொரு முட்டுக்கட்டை சிபில், அதாவது பழைய கடன்களை எப்படிக் கட்டினீர்கள் என்று காட்டும் அறிக்கை. மகளுக்குக் கடன் வரலாறே இருக்காது, பார்ப்பது உங்களுடையதை. அம்மா பெயரில் மகளிர் குழுக் கடன், மைக்ரோ பைனான்ஸ் தவணை ஏதாவது நின்றுபோயிருந்தால் அதுவும் அறிக்கையில் வரும். வருடத்துக்கு ஒரு முறை இலவச அறிக்கை எடுக்கலாம். விண்ணப்பிக்கும் முன்பே எடுத்துப் பாருங்கள். பழைய கடன் 'செட்டில்டு' (பேசிக் குறைத்துக் கட்டியது) என்று இருந்தால் 'குளோஸ்டு' (முழுதும் கட்டி முடித்தது) ஆனது போல் ஆகாது. பெற்றோரில் யார் அறிக்கை சுத்தமோ அவரைக் கூட்டுக் கடனாளியாகப் போடுங்கள்.

வட்டிக்கு வருவோம். குடும்ப வருமானம் வருடம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரிக்கு நாக் (கல்லூரிகளைத் தர மதிப்பீடு செய்யும் அமைப்பு) அங்கீகாரமோ படிப்புக்கு என்.பி.ஏ. (தொழில்நுட்பப் படிப்புகளை மதிப்பிடும் அமைப்பு) அங்கீகாரமோ இருந்தால், படிக்கும் காலமும் அதன்பின் ஒரு வருடமும் வட்டியை மத்திய அரசு ஏற்கும். மேனேஜர் தானாகச் செய்துவிடுவார் என்று இருந்துவிடாதீர்கள். இந்த வட்டி மானியத்துக்கான கோரிக்கை போனதா என்று ஒவ்வொரு வருடமும் கேளுங்கள். மகள் பாதியில் படிப்பை விட்டால் மானியமும் போய்விடும். மருத்துவக் காரணத்துக்கு மட்டும் விலக்கு.

மானியம் கிடைக்காதவர்கள் மாதாமாதம் வட்டியை மட்டுமாவது கட்டவேண்டும் என்பேன். 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் மாதம் 667 ரூபாய், இரண்டாம் வருடம் 1,333, மூன்றாம் வருடம் 2,000, நான்காம் வருடமும் வேலை தேடும் வருடமும் 2,667. மொத்தம் 1,12,000. கட்டாமல் விட்டால் அந்த 1.12 லட்சம் அசலோடு சேர்ந்துகொள்ளும். பத்து வருடத் தவணையில் மாதம் சுமார் 4,230 கட்டவேண்டிய இடத்தில் சுமார் 5,710 ஆகும். ஒழுங்காக வட்டி கட்டுவோருக்கு ஒரு சதவீதம் வரை வட்டிச் சலுகையும் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

நகைக்கடனுக்கு ஒரே ஒரு இடம் உண்டு. கல்லூரி சேரும் அன்றே பணம் கேட்கும், வங்கி வாரக்கணக்கில் இழுக்கும். அந்த இடைவெளிக்கு முதல் செமஸ்டர் தொகையை மட்டும் நகை வைத்துக் கட்டலாம். ஆனால் கட்டும் முன், ரசீது காட்டினால் அந்தத் தொகையைக் கடனில் திருப்பித் தருவீர்களா என்று கிளையில் கேட்டுவிடுங்கள். சில கிளைகள் கல்லூரிக்கு நேராக அனுப்பும் பணத்தை மட்டுமே ஏற்கும். தண்டல், மீட்டர் வட்டிப் பக்கம் போகவே வேண்டாம்.

மேலாளர் 'டார்கெட் முடிந்தது, அடுத்த மாதம் பார்க்கலாம்' என்று வாயால் சொன்னால் அது மறுப்பே அல்ல. எழுத்தில் கேளுங்கள். விண்ணப்பத்தை மறுக்க மேலதிகாரியின் ஒப்புதலும் காரணமும் வேண்டும். அதற்கு மேல் ஆட்சியர் அலுவலகத்தோடு சேர்ந்து இயங்கும் முன்னோடி வங்கி மேலாளரிடம் மனு கொடுங்கள். சீசனில் மாவட்டங்களில் நடக்கும் கல்விக்கடன் முகாமுக்கும் அதே ஃபைலோடு போகலாம். வங்கிக்கே எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் பதில் இல்லையென்றால், வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். அங்கே 'கடன் தரவில்லை' என்று எழுதினால் அது வங்கியின் வணிக முடிவு என்று தள்ளிவிடுவார்கள். 'விண்ணப்பித்து இத்தனை நாள் ஆகியும் முடிவு சொல்லவில்லை' என்று தேதியோடு எழுதுங்கள்.