புடவை இருக்கட்டும், பெட்டியைத் திறங்கள்

(ரியாத்தில் 21 வருடம் நர்ஸாக வேலை பார்த்து, இப்போது நாகர்கோவிலில் இருக்கும் ‘சிஸ்டர்’ வாசகர்களின் பயணக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: வணக்கம் சிஸ்டர். எனக்கு 61 வயது. ரியாத்தில் இருக்கும் மகன், மூன்று மாதம் வந்து இருங்கள் என்று ஃபேமிலி விசிட் விசா எடுத்திருக்கிறான். ஜனவரியில் கிளம்புகிறேன். இதுவரை புடவை தவிர வேறு உடுத்தியதில்லை. ‘பொட்டு வைத்தால் பிடித்துவிடுவார்கள், வாசலில் தனியாக நின்றால் பிரம்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்’ என்று தெருவில் ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்கள். சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. மகனுக்கு மசாலாப் பொடியெல்லாம் அரைத்துக் கொண்டுபோக ஆசை. எது கூடும், எது கூடாது?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் தெருக்காரர்கள் சொல்வது முழுப் பொய் இல்லை அம்மா, பழைய கதை. நான் 1994-ல் போய் இறங்கியபோது சவூதி அப்படித்தான் இருந்தது. அப்போது லீவு நாளாக இருந்த வியாழக்கிழமையில் ஹாஸ்டல் பஸ்ஸில் பத்தா கடைத்தெருவுக்குப் போவோம். தலைத்துணி கொஞ்சம் நழுவினாலும் போதும், எங்கிருந்தோ ஒரு முத்தவா (மத ஒழுக்கக் காவலர்) வந்து “கத்தீ ராஸிக்!” என்று கத்துவார். தலையை மூடு என்று அர்த்தம். எனக்கு முதலில் வந்த அரபி அதுதான்.

அந்த முத்தவாக்களிடமிருந்து கைது செய்யும் அதிகாரத்தை 2016-ல் அரசே எடுத்துவிட்டது. 2018 ஜூனில் பெண்கள் கார் ஓட்ட ஆரம்பித்தார்கள். ஹோட்டல்களில் ஆண்களுக்கு ஒரு வாசல், குடும்பத்துக்கு ஒரு வாசல் என்று வைத்தே ஆக வேண்டும் என்ற விதி 2019 கடைசியில் போனது. உடைக்கு மேல் கால்வரை போடும் தொளதொள அங்கியான அபாயா வெளிநாட்டுப் பெண்களுக்குக் கட்டாயமில்லை. உடம்பை மூடிய, தொளதொளப்பான உடை போதும். பொட்டும் தாலியும் வைத்துக்கொண்டு மால்களில் நடக்கும் நம் ஊர்ப் பெண்களை போன குளிர்காலத்தில் மகள் வீட்டுக்குப் போனபோது நானே பார்த்தேன். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

புடவையில் ஒரே சங்கடம் இடுப்பு. வீட்டுக்குள் எப்படியும் இருங்கள். வெளியே போகும்போது முழங்கை வரை கை வைத்த, இறக்கம் கூடிய ரவிக்கை போட்டு, மேலே ஒரு அபாயாவை மாட்டிக்கொள்ளுங்கள். கட்டாயமில்லை என்றாயே என்று கேட்பீர்கள். மகன் வீடு எந்தப் பகுதியில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பழைய குடியிருப்புகளில் அக்கம்பக்கத்துப் பாட்டிகள் இன்னும் முகம் மூடித்தான் வருவார்கள். அவர்கள் நடுவில் நமக்கே அதுதான் இதமாக இருக்கும். அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம், பத்தாவில் பேரம் பேசினால் இறங்கி வருவார்கள். குனிந்து நடக்கும்போது காலில் தடுக்காத நீளமா என்று போட்டுப் பாருங்கள். எங்கள் வார்டுக்கு அபாயா தடுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டு எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள்.

ஆக, உடை பெரிய விஷயமில்லை. எனக்குப் பயம் உங்கள் பெட்டியைப் பற்றித்தான்.

முதலில் கசகசா. நமக்குக் குருமாவில் போடும் சாமான், அங்கே போதைப்பொருள் கணக்கில் வருகிறது. தெரியாமல் கொண்டுவந்தேன் என்ற சமாதானம் எடுபடாது. தனியாக எடுத்துப்போக மாட்டீர்கள், சரி. ஆனால் அரைத்த மசாலாவுக்குள் போட்டிருந்தால்? 1996-ல் லீவு முடிந்து திரும்பிய என் பெட்டியில் அம்மா கட்டிக்கொடுத்த மசாலாப் பொட்டலம் இருந்தது. சுங்கத்தில் அதைப் பிரித்து மோந்து பார்த்து, இது என்ன, அது என்ன என்று முக்கால் மணி நேரம் நிற்க வைத்துவிட்டு, கடைசியில் எல்லாவற்றையும் தொட்டியில் கொட்டினார்கள். அதில் கசகசா இல்லை, அதனால் தப்பித்தேன். அம்மா அந்தத் தடவை மறந்துபோயிருந்தாள், அவ்வளவுதான். ஜாதிக்காய்க்கும் அங்கே தடை உண்டு, அதையும் விடுங்கள். சாம்பார் பொடி, ரசப்பொடி என்றால் லேபிள் ஒட்டிய கடைப் பாக்கெட்டாக வாங்கிப் போங்கள். அதுகூடத் தேவையில்லை என்பேன், ரியாத்தில் மல்லித்தழை முதல் முருங்கைக்காய் வரை எல்லாம் கிடைக்கிறது. பெயர் எழுதாத லேகியம், சூரணம், டப்பாவில் கொட்டிய வெள்ளைப் பொடி எதுவும் வேண்டாம். திருநீறு கொஞ்சம் போதும், அதுவும் கோயில் பெயர் அச்சடித்த பொட்டலமாக.

அடுத்தது மருந்து. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளால் பிரச்சினை இல்லை. ஆனால் சர்க்கரைக்காரர்களுக்குக் கால் எரிச்சல் இருந்தால் நம் ஊரில் பிரிகாபலின் எழுதித் தருவார்கள். அது அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. தூக்கத்துக்குக் கொடுக்கும் அல்ப்ராசோலம், வலிக்கான டிராமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து எல்லாம் அதே பட்டியல்தான். அட்டையில் இருக்கும் கம்பெனிப் பெயரைப் பார்த்தால் தெரியாது, கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் இப்போதே டாக்டரிடம் மாற்று கேளுங்கள். இல்லாமல் முடியாது என்றால், சவூதி உணவு மருந்து ஆணையத்தின் இணையதளத்தில் மகன் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். மற்ற மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி டப்பாவில் போடாதீர்கள். வாங்கிய பெட்டியோடு, ஆங்கிலத்தில் எழுதிய டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள்.

மூன்றாவதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். நீங்கள் ரியாத் போவது தெரிந்ததும் நாலு பேர் வருவார்கள். “எங்க பையனுக்கு இந்த ஊறுகாய் மட்டும், அக்கா.” வாங்காதீர்கள். தட்ட முடியாத சொந்தம் என்றால் அவர்கள் எதிரிலேயே பிரித்துப் பாருங்கள். மூடி ஒட்டி வந்த பாட்டில், தைத்து வந்த தலையணை என்றால் சொந்தமானாலும் கிடையாது. அங்கே போதைக் கடத்தலுக்கு மரண தண்டனை வரை உண்டு. உங்கள் பெட்டியில் இருந்தால் அது உங்கள் பொருள்தான். அவர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

பூஜையை வீட்டுக்குள், கதவுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். யாரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள். பெரிய விக்கிரகம் வேண்டாம், சின்னப் படம் போதும். ஊதுவத்தி ஏற்றும்முன் மேலே புகை எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா என்று பாருங்கள். மகள் வீட்டில் என் வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கு வாட்ச்மேன் ஓடி வந்தார்.

தனியாகப் போகலாமா? தாராளமாக. பக்கத்து பகாலாவில் (மளிகைக் கடை) பால், குப்பூஸ் ரொட்டி வாங்கி வருவது உங்களுக்குப் பொழுதுபோக்காகவே ஆகிவிடும். தொழுகை நேரத்தில் எல்லாக் கடையும் ஷட்டரை இறக்கிய காலம் போய்விட்டது, இருந்தாலும் சில சின்னக் கடைகள் இன்னும் மூடும். பதினைந்து இருபது நிமிஷம் நின்றால் திறப்பார்கள். வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் எதற்கும் கிளம்பாதீர்கள், ஜும்ஆ என்ற மதியத் தொழுகை முடியும்வரை ஊரே தூங்கும். மெட்ரோ வந்துவிட்டது, 4 ரியால் டிக்கெட். குடும்பப் பெட்டி என்று தனியாக இருக்கிறது, அதில் ஏறுங்கள். உங்களுக்கு அங்கே உண்மையான ஆபத்து ரோட்டைக் கடப்பது. முத்தவாவுக்குப் பயந்ததைவிட அந்த ஊர்க் கார்களுக்குத்தான் நான் அதிகம் பயந்தேன்.

நீங்கள் இருக்கும்போதே ரமலான் வரும். பகலில் வெளியே தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. சர்க்கரை இறங்கிவிடும் என்ற பயம் இருந்தால் பகலில் வீட்டிலேயே இருங்கள், வீட்டுக்குள் சாப்பிட ஒரு தடையும் இல்லை. நோன்பு திறப்பதற்கு முந்தைய அரை மணி நேரம் ரோட்டுப் பக்கமே வேண்டாம், எல்லாரும் வீட்டுக்குப் பறப்பார்கள்.

பக்கத்து வீட்டில் கூப்பிட்டால் போங்கள். காவா என்று மஞ்சளாக ஒன்று தருவார்கள். ஏலக்காய் வாசனை, பால் கிடையாது, சர்க்கரை கிடையாது. கும்பகோணத்துக்காரர் அதைக் காபி என்று ஒத்துக்கொள்வது கஷ்டம்தான். வலது கையால் வாங்குங்கள். போதும் என்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் காட்ட வேண்டும். ஆட்டாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். எனக்கு முதல் நாள் ஏழு கிண்ணம்.

விசா முடியும் தேதியை நாள்காட்டியில் வட்டமிடுங்கள். தாண்டினால் அபராதம் மகன் தலையில் விழும்.

கேள்வி: பனியன் ஆர்டர் விஷயமாக முதல்முறை ரியாத், தம்மாம் போகிறேன். பத்து நாள். ஆண்களுக்கும் கட்டுப்பாடு உண்டா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: உண்டு தம்பி. வெளியே அரைக்கால் டிரவுசர் வேண்டாம். பெண் அதிகாரி எதிரே வந்தால் நீங்களாகக் கையை நீட்டாதீர்கள். அவர் நீட்டினால் குலுக்குங்கள், இல்லையென்றால் நெஞ்சில் கை வைத்தால் போதும். எந்த ஆண் கை நீட்டினாலும் இடது கை வேண்டாம். பெண்கள் வரும்படி போட்டோ எடுக்காதீர்கள், அரசுக் கட்டடம், ராணுவ இடம் பக்கம் போனை உயர்த்தவே வேண்டாம். பொது ஒழுக்க விதிகள் என்று 2019-ல் கொண்டுவந்தார்கள், அபராதம் 50 ரியாலில் தொடங்கி 6000 வரை போகும். வாரம் ஞாயிறு தொடங்கி வியாழன் முடியும். வெள்ளி, சனியில் மீட்டிங் கேட்டால் உங்களுக்கு ஊர் தெரியாது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். வீட்டுக்காரம்மா சௌக்கியமா என்று கேட்காதீர்கள், குடும்பம் சௌக்கியமா என்று கேளுங்கள். அப்புறம், ‘இன்ஷா அல்லாஹ்’ (இறைவன் நாடினால்) என்று சொன்னதை வைத்து ஆர்டர் உறுதி என்று திருப்பூருக்குப் போன் போட வேண்டாம். கையெழுத்து வரட்டும்.

கேள்வி: நாங்கள் இந்துக்கள். ஜித்தா, ரியாத் போகும்போது மக்காவை வெளியிலிருந்தாவது பார்க்க முடியுமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: முடியாது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு மக்கா எல்லைக்குள்ளேயே அனுமதி இல்லை. மதீனாவிலும் நபிகள் பள்ளிவாசலைச் சுற்றிய பகுதிக்குப் போக முடியாது. முயற்சியே வேண்டாம்.

அதற்குப் பதில் ரியாத்தை ஒட்டிய திர்இய்யாவுக்குப் போங்கள். சவூத் வம்சத்தின் முதல் தலைநகரம். அங்கே அத்துரைஃப் என்ற மண்கோட்டைப் பகுதியை 2010-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். சுடாத மண்செங்கல், சுவரில் முக்கோண முக்கோணமாக ஓட்டைகள், காற்றுக்கும் வெளிச்சத்துக்கும். மாலை நாலு மணிக்குப் போனால் அந்தச் சுவர்கள் வெயிலில் தேன் நிறத்துக்கு வரும். குளிர்காலம் என்றால் ஸ்வெட்டரை மறக்காதீர்கள், இருட்டியதும் பத்து டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கிவிடும்.