வாடைக்கு முன் கூரைத் தகரம்: எதைக் கேட்டு வாங்குவது?

கேள்வி: பாம்பனில் கடலையொட்டி எங்கள் வீடு. மூன்றாண்டுக்கு முன் போட்ட தகரக் கூரை திருகாணிகளைச் சுற்றித் துருவேறி ஒழுகுகிறது. ஐப்பசி மழைக்குள் மாற்ற வேண்டும். 'கலர் ஷீட்' போட்டால் பத்தாண்டு உத்தரவாதம் என்கிறார் கடைக்காரர். பில் வேண்டாமென்றால் விலை குறையுமாம். வாங்கலாமா?

பதில்: பில் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள், அம்மா. குறைகிற அந்தத் தொகைக்கு உங்கள் உரிமை முழுவதையும் விட்டுக்கொடுக்கிறீர்கள்.

கலர் ஷீட் வாங்கலாம். ஆனால் நிறத்தைப் பார்த்து வாங்கக் கூடாது. வண்ணத்துக்கு அடியில் இரும்பின்மேல் எவ்வளவு துத்தநாகம் ஏறியிருக்கிறது என்பதே உப்புக் காற்றில் அதன் ஆயுள். கடையில் 0.45, 0.50 மில்லிமீட்டர் என்று தடிமனைத்தான் சொல்வார்கள். நீங்கள் பூச்சின் எடையைக் கேளுங்கள். சதுர மீட்டருக்கு 120 கிராம் பூசியதும் 275 கிராம் பூசியதும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். உங்கள் ஊருக்கு 275 வேண்டும். இல்லையென்றால் அலுமினியமும் துத்தநாகமும் கலந்து 150 கிராம் பூசியது. அந்த எண்ணைப் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள்.

உத்தரவாத அட்டையைப் பணம் கொடுப்பதற்கு முன்பே வாங்கிப் படியுங்கள். கடலிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் இருக்கும் வீடுகளுக்கு இது பொருந்தாது என்ற நிபந்தனை பல அட்டைகளில் பொடி எழுத்தில் இருக்கும். இருந்தால், அந்தப் பத்தாண்டு உங்களுக்கு இல்லை.

இனி திருகாணி. பெரும்பாலும் கூரை அங்கேதான் முதலில் கெடுகிறது. துருப்பிடிக்காதென்று எவர்சில்வர் திருகாணி போடச் சொல்வார்கள். அது துருப்பிடிக்காதுதான், ஆனால் உப்பு ஈரத்தில் தன்னைச் சுற்றியுள்ள துத்தநாகத்தை அரிக்க விட்டுவிடும். கடலோரத்துக்கென்று தடித்த பூச்சிட்ட திருகாணியும் நல்ல ரப்பர் வாஷரும் கேளுங்கள். துளையிடும்போது சிதறும் இரும்புத் தூளை அன்றைக்கே பெருக்கித் தள்ளச் சொல்லுங்கள். ஓரிரவு பனியில் கிடந்தாலே தகட்டில் துருப்புள்ளி விழுந்துவிடும். வாடைக் காற்று முதலில் பிடித்துத் தூக்குவது கூரையின் ஓரங்களையும் மூலைகளையும்தான். அங்கே திருகாணிகள் நெருக்கமாக இருக்கட்டும். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் விளிம்பு காற்று வரும் திசையைப் பார்க்காமல், அதற்கு மறுபுறமாகத் திரும்பியிருக்க வேண்டும்.

சொன்ன தரம் இல்லையென்று பின்னால் தெரிந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். தீராவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டாண்டுக்குள் புகார் கொடுக்கலாம். வாங்கிய பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.