கல் வாங்கிவிட்டீர்களா? ஜப்பான் கத்தி பற்றிய கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கத்தி வாங்குவது பற்றியவை. கல்லைப் பற்றிக் கேட்டவர்கள் இரண்டே பேர். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழேயும் திரும்பத் திரும்பச் சொல்வேன்: தீட்டுகிற கல் இல்லாத வீட்டுக்கு ஜப்பான் கத்தி வேண்டாம். ஐயாயிரம் ரூபாக் கத்தியும் மழுங்கும், ஐம்பதாயிரம் ரூபாக் கத்தியும் மழுங்கும், நாள்தான் கொஞ்சம் முன்னே பின்னே.

கையில் 30,000 ரூபா இருக்கிறது. கியூட்டோ வாங்கவா, சந்தோகு வாங்கவா? வீட்டில் நாலு பேர், மரக்கறிதான் அதிகம், கிழமையில் இரண்டு நாள் மீன். (வெள்ளவத்தை)

சந்தோகு, அதாவது வீட்டுக்கான கட்டையான பொதுக் கத்தி. 165 அல்லது 170 மில்லிமீற்றர். வெள்ளவத்தை ஃபிளாட் குசினிகளில் வெட்டுப்பலகை வைக்க இருக்கிற இடம் எனக்குத் தெரியும், 210 மில்லிமீற்றர் கியூட்டோவை, அந்த நீண்ட சமையல்காரர் கத்தியை, அங்கே நீட்டினால் நுனி தண்ணீர்க் குழாயில் முட்டும். நுனியைப் பலகையில் ஊன்றி ஆட்டி ஆட்டி வெட்டிப் பழகிய கை என்றால் மட்டும் கியூட்டோவைப் பாருங்கள்.

எந்தக் கத்தி என்று கேட்டால், பல வருடமாக நான் சொல்வது டோஜிரோவின் டிபி வரிசையைத்தான். நீகாட்டா மாகாணத்துத் த்சுபமேயில் செய்வது, நடுவில் விஜி-10 என்கிற கடினமான, எளிதில் துருப்பிடிக்காத உருக்கு, இரண்டு பக்கமும் மெதுவான துருப்பிடிக்காத உருக்கு. ஜப்பானில் பத்தாயிரம் யென் சொச்சம், நம் காசில் இருபதாயிரத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அங்கே வேலை செய்கிற யாராவது லீவில் வந்தால் சொல்லிவிடுங்கள். மீதிக் காசில் கிங் 1000 கல் (எண் கூடக் கூடக் கல் நைசு). அதுவும் கட்டுப்படியாகாதவர்கள் பிளாஸ்டிக் பிடி போட்ட விக்டோரினொக்ஸை வாங்கிக்கொண்டு கல்லுக்குச் செலவழியுங்கள். அது ஜப்பான் கத்தி இல்லை, உருக்கும் மெதுவானது, ஆனாலும் தீட்டிய விக்டோரினொக்ஸுக்குப் பக்கத்தில் மழுங்கிய டோஜிரோ நிற்காது.

முகநூலில் ‘ஜப்பான் டமஸ்கஸ்’ என்று 4,500 ரூபாவுக்கு விளம்பரம் ஓடுகிறது, அலகு முழுக்க அலை அலையாக அழகாக இருக்கிறது. நம்பலாமா?

வேண்டாம். அந்த விலைக்கு அந்த அலை லேசரால் கீறியது, கல்லில் நாலு தடவை தேய்த்தால் போய்விடும். உண்மையான டமஸ்கஸில் அலை வருவது உருக்கை அடுக்கடுக்காகச் சேர்ப்பதால். 67 அடுக்குக் கத்தியில் நடு உருக்கு ஒன்று, பக்கத்துக்கு 33 அடுக்கு. அதனால் அலை விளிம்பு வரை வராது, கொஞ்சம் மேலேயே நின்று, அதற்குக் கீழே நடு உருக்கு வெறுமையாகத் தெரியும். வெட்டுகிற விளிம்பு வரைக்கும் கோலம் ஓடுகிற மலிவுக் கத்தியைக் கண்டால் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுங்கள்.

என்னுடைய கத்தி வெட்டுதில்லை. என்ன செய்யலாம்?

என்ன கத்தி, எத்தனை மாதமாகப் பாவிக்கிறீர்கள், எதன் மேல் வைத்து வெட்டுகிறீர்கள், ஒன்றுமே எழுதவில்லை. கல் இருந்தால் தீட்டுங்கள், இல்லாவிட்டால் வாங்குங்கள். அடுத்த முறை அலகில் என்ன எழுதியிருக்கிறது என்றாவது பார்த்து எழுதுங்கள்.

மகன் ஜப்பானிலிருந்து ஒரு நல்ல கத்தி கொண்டுவந்து தந்தான், ஒரு வருடமாகிறது, கூர் போய்விட்டது. எங்கள் ஒழுங்கைக்குச் சைக்கிளில் சாணை பிடிக்கிறவர் வருவார், அரிவாள்மணையை அவரிடம்தான் கொடுப்பேன். இதையும் கொடுக்கலாமா? (கொட்டாஞ்சேனை)

கொடுக்காதீர்கள் அம்மா. தயவு செய்து கொடுக்காதீர்கள். கேட்டுவிட்டுச் செய்ய நினைத்தீர்களே, அதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். முக்கால்வாசிப் பேர் கொடுத்துவிட்டுத்தான் எழுதுகிறார்கள்.

நானும் ஒரு காலத்தில் கொடுத்தவன்தான். முதன்முதலாக வாங்கிய 210 கியூட்டோவை, சைக்கிள்காரரிடம் இல்லை, கரண்டில் ஓடும் சாணை வைத்திருந்த ஒரு கடையில் கொடுத்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, பொறி பறந்தது, கத்தி கைக்கு வந்தது. அன்றைக்கு வெட்டு அருமை. வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நுனிக்கு இரண்டு அங்குலம் உள்ளே, விளிம்பை ஒட்டி, நகம் அகலத்துக்கு ஒரு நீலம். மண்ணெண்ணெய் தண்ணீரில் மிதக்குமே, அந்த மாதிரி நிறம். துடைத்தேன், போகவில்லை. பத்தே நாளில் அந்த இடம் மட்டும் தக்காளித் தோலில் வழுக்கத் தொடங்கிவிட்டது.

அந்த நீலம் அழுக்கில்லை. ஜப்பான் கத்தியின் உருக்கைச் சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்கிய பிறகு, பெரும்பாலும் 200 பாகை செல்சியஸுக்குள்தான் மறுபடி சூடு காட்டிப் பதப்படுத்துவார்கள். சாணைச் சக்கரம் தண்ணீரில்லாமல் சுற்றுகிறது, விளிம்போ கடதாசி போல மெல்லியது, சூடு முதலில் ஏறுவதும் அங்கேதான். நீலம் தெரிந்தால் அந்த இடம் 300 பாகை வரை போயிருக்கிறது என்று அர்த்தம், பதம் போய்விட்டது. எவ்வளவு தீட்டினாலும் அந்த உருக்கில் கூர் நிற்காது, அந்தத் துண்டு தேய்ந்து முடிந்து நல்ல உருக்கு வெளியே வரும்வரை.

அதோடும் முடியவில்லை. சக்கரத்தில், பிடியை ஒட்டிய குதிப் பக்கத்தைக் கூட நேரம் அழுத்தியதில் அங்கே ஒரு பள்ளம் விழுந்திருந்தது. பலகையில் வைத்தால் குதியும் நடுவும் தொடும், இடையில் வெளிச்சம் தெரியும். வெங்காயத்தாள் வெட்டினால் துண்டுகள் பிரியாமல் மாலை மாதிரித் தொங்கும். 220 கல்லில் ஆறு பின்னேரம் நின்று இரண்டு மில்லிமீற்றர் உருக்கைத் தேய்த்து எறிந்துதான் அதை நேராக்கினேன். அப்புறம் விளிம்புக்கு மேலே அலகு தடித்துப்போனதால் அதையும் மெலிதாக்க வேண்டியிருந்தது. புதுக் கத்தியில் மூன்று நாலு வருடம் தேய வேண்டியது ஐந்து நிமிடத்தில் போனது.

சைக்கிள்காரர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அரிவாள்மணை, கோடரி, தேங்காய் உடைக்கிற வெட்டுக்கத்தி, இதெல்லாம் தடித்த மெதுவான இரும்பு, அதற்கு அவருடைய சக்கரம்தான் சரி. அவற்றைத் தொடர்ந்து அவரிடமே கொடுங்கள். இதே குற்றத்தை வீட்டுக்குள்ளேயே செய்கிற சாமான் இன்னொன்றும் இருக்கிறது: V வடிவத்தில் இரண்டு தகடு வைத்து நடுவில் கத்தியை இழுக்கிற அந்தச் சின்னப் பெட்டி. அது தீட்டுவதில்லை, பிய்க்கிறது. கடினமான உருக்கு அதில் பொடிப் பொடியாக உடையும். லாச்சியில் கிடந்தால் தூக்கி எறியுங்கள்.

மகன் அடுத்த முறை வரும்போது ஒரு கிங் 1000 கொண்டுவரச் சொல்லுங்கள், ஒரு பின்னேரம் உங்களுக்குக் காட்டித் தரவும் சொல்லுங்கள். அதுவரை யாரிடமாவது கொடுக்கத்தான் வேண்டுமென்றால், கொடுக்கும் முன் ஒன்று மட்டும் கேளுங்கள்: தண்ணீர்க் கல்லா, சக்கரமா? சக்கரம் என்றால் கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

தீட்டும்போது கத்தியைக் கல்லில் 15 பாகை சரித்துப் பிடிக்கச் சொல்கிறார்களே, அதை எப்படிக் கணக்குப் பார்ப்பது? முதுகில் மாட்டுகிற கிளிப் வாங்கட்டுமா?

கிளிப் வேண்டாம், முதுகையும் கல்லையும் கீறும். சந்தோகு அலகு 45 மில்லிமீற்றர் அகலம் இருக்கும், முதுகைக் கல்லிலிருந்து அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகத் தூக்கினால் 15 பாகை வந்துவிடும். சுண்டுவிரல் நுனியைக் கீழே வைத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அந்த உயரம்தான். இரண்டு பாகை கூடக் குறைய இருந்தாலும் பரவாயில்லை, இழுப்புக்கு இழுப்பு மாறக்கூடாது. சந்தேகமாக இருந்தால் விளிம்பு நெடுகக் கறுப்பு மார்க்கரைப் பூசி நாலு தடவை தேய்த்துப் பாருங்கள். மேல் மை போய் விளிம்பில் மிச்சமிருந்தால் கத்தியைக் கூடப் படுக்க வைத்திருக்கிறீர்கள், விளிம்பில் மட்டும் போயிருந்தால் கூடத் தூக்கிவிட்டீர்கள்.

கோணத்தை விடப் பெரிய விஷயம் பிசிறு. ஒரு பக்கத்தைத் தேய்க்கத் தேய்க்க மறு பக்கத்தில் ஒரு மெல்லிய பிசிறு எழும்பும். பெருவிரலை முதுகிலிருந்து விளிம்புப் பக்கமாக, வெளியே வழிப்பது போலக் கொண்டுபோனால் விரலில் மாட்டும். விளிம்பு நெடுக விரலை ஓட்டாதீர்கள், வெட்டிவிடும். குதியிலிருந்து நுனி வரை அந்தப் பிசிறு வராமல் பக்கம் மாற்றாதீர்கள். இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து என்று எண்ணித் தேய்க்கிறவர்கள்தான் பிறகு ‘கல் சரியில்லை’ என்று எழுதுகிறார்கள். இரண்டு பக்கமும் பிசிறு கண்ட பிறகு, கத்தியின் பாரம் மட்டும் போதும் என்கிற அளவுக்குக் கையைத் தளர்த்தி மாறி மாறி இழுத்து அதை எடுத்துவிடுங்கள். பழுத்த தக்காளி மேல் வைத்து, அழுத்தாமல் இழுத்தால் தோலில் இறங்க வேண்டும்.

கல்லை எந்நேரமும் தண்ணீர் வாளிக்குள் போட்டு வைக்கலாமா?

கூடாது. கிங் 1000 என்றால் தீட்டும் முன் பத்துப் பதினைந்து நிமிடம், குமிழி நிற்கும்வரை. ஷாப்டன் குரோமகு கல் என்றால் மேலே தண்ணீர் தெளித்தாலே போதும், ஊறவே விடாதீர்கள். முடிந்ததும் நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் வெடிக்கும்.

நடுவில் பள்ளம் விழுந்த கல்லில் கத்தி நேராக வராது. பென்சிலால் கட்டம் போட்டு, கண்ணாடித் துண்டின் மேல் தண்ணீர்ச் சாண்ட் பேப்பரை விரித்து, கட்டம் முழுக்க அழியும்வரை கல்லைத் தேயுங்கள்.

இரும்புக் கம்பியில் உரசித் தீட்டுவது நல்லதா?

வரி போட்ட இரும்புக் கம்பி ஐரோப்பியக் கத்திக்கு. ஜப்பான் கத்தியில் விளிம்பு சில்லுச் சில்லாகப் போகும். மழமழப்பான செராமிக் கம்பி என்றால் மெதுவாக நாலு தடவை சரி. கல்லின் வேலையை அது செய்யாது.

ஷிரோகாமி உருக்குக் கத்தி மலிவாகக் கிடைக்கிறது, கூரும் அதில்தான் அதிகம் என்கிறார்கள். கொழும்பில் வைத்திருக்கலாமா?

கூர் அதிகம் என்பது உண்மை, கல்லில் தீட்டவும் வெண்ணெய் மாதிரி இருக்கும். ஷிரோகாமி என்றால் வெள்ளைக் கடதாசி, அவோகாமி என்றால் நீலக் கடதாசி, உருக்கைச் சுற்றி வருகிற கடதாசியின் நிறத்தை வைத்து வந்த பெயர்கள். நீலத்தில் டங்ஸ்டனும் கொஞ்சம் குரோமியமும் சேர்ந்திருக்கும், ஆனால் இரண்டுமே துருப்பிடிப்பவை. தேசிக்காய், மாங்காய், புளி பட்டுச் சாம்பலாகவோ நீலமாகவோ நிறம் மாறினால் பயப்பட வேண்டாம், அது கத்திக்குப் பாதுகாப்பு. சிவப்பாக மாறினால் துரு. வெட்டிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் ஈரத்துணி வைத்துத் துடைக்க வேண்டும், முடிந்ததும் கழுவி, காய்ந்த துணியால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் பூசி வைக்க வேண்டும். வீட்டில் எல்லாரும் அப்படிச் செய்வார்களா? கத்தியைச் சிங்க்கில் போட்டுவிட்டு ஃபோன் கதைக்கப் போகிற ஒருவர் இருந்தாலும் விஜி-10 வாங்குங்கள். மரைன் டிரைவ் பக்கத்து உப்புக் காற்றில் அதுவும் புள்ளி விழும், அதையும் உடனே துடைக்கத்தான் வேண்டும்.

தேங்காய் உடைக்கும்போது புதுச் சந்தோகுவின் விளிம்பில் பிறை மாதிரி ஒரு துண்டு போய்விட்டது. தரமில்லாத கத்திதானே? கம்பனி மாற்றித் தருமா?

தராது, தரவும் தேவையில்லை. கத்தியில் குற்றமில்லை. கடினத்தை அளக்கிற ரொக்வெல் அளவில் ஜெர்மன் கத்தி 56 என்றால் இது 60, 61. கடினம் கூடினால் கூர் நிற்கும், அதே கடினம்தான் உடையவும் வைக்கும். தேங்காய், எலும்பு, நண்டு, உறைந்த இறைச்சி: இந்த நாலையும் இந்தக் கத்திக்குக் காட்டவே கூடாது என்று எத்தனை தடவை எழுதிவிட்டேன். முதுகால் தட்டினாலும் தப்புத்தான். பூசணிக்காயில் இறங்கிய பிறகு பக்கவாட்டில் நெம்புவதும் தப்பு. இருநூறு ரூபாத் தேங்காய்க்கு இருபதாயிரம் ரூபாக் கத்தியை எடுக்காதீர்கள், வீட்டில் வெட்டுக்கத்தி இருக்கும்.

சரி, நடந்தது நடந்துவிட்டது. ஒரு மில்லிமீற்றருக்குள் என்றால் நீங்களே சரி பண்ணலாம். பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடைகளில் கிடைக்கும் இரண்டு பக்கக் கல்லின் முரட்டுப் பக்கம் இதற்குப் போதும், எண்ணெய் போடாமல் தண்ணீரிலேயே தேயுங்கள். கத்தியை நட்டுக்குத்தாக நிறுத்தி, குழி மறையும்வரை விளிம்பு முழுவதையும் ஒரே சீராகத் தேயுங்கள். குழியில் மட்டும் தேய்த்தால் பள்ளமாகும். பிறகு 15 பாகையில் பிசிறு எழும்பும்வரை தேய்த்து, 1000 கல்லில் முடியுங்கள்.

எனக்கு இடது கை. யனகிபா வாங்கலாமா?

பச்சை மீனைச் சீவுகிற அது, வலக்கைக்காரருக்கு ஒரு பக்கம் மட்டும் சரித்த கத்தி. இடக்கைக்குத் தனியாகச் செய்வார்கள், விலை கூட. சந்தோகுவை வாங்குங்கள்.

கண்ணாடி வெட்டுப்பலகை சுத்தமாக இருக்குமே?

கத்தி ஒரே கிழமையில் மழுங்கும். மரப்பலகை.

கனடாவிலிருந்து வரும் அண்ணா கைப்பையில் கத்தியைக் கொண்டுவரலாமா?

முடியாது. பெரிய பெட்டிக்குள், அலகுக்கு மட்டை சுற்றி. கூடவே ஒரு கல்லும்.

வல்லாரைச் சம்பலுக்கு அரிந்து வைத்தால் கொஞ்ச நேரத்திலேயே கறுத்துவிடுகிறது. கத்தியை மாற்றினால் சரிவருமா? (தெஹிவளை)

இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். மழுங்கிய கத்தி இலையை வெட்டுவதில்லை, நசுக்குகிறது. நசுங்கிய இடத்தில் சாறு வெளியே வந்து காற்றுப் பட்டுக் கறுக்கிறது. இரும்பு அரிவாள்மணை என்றால் இரும்பும் அந்தச் சாறும் சேர்ந்து இன்னும் கறுக்கும். வல்லாரை, பொன்னாங்காணி என்று தினமும் இலை அரிகிற வீடென்றால் ஒரு நகிரி, அதாவது மரக்கறிக் கத்தி, வாங்கலாம், விளிம்பு நேராக இருப்பதால் பலகை முழுக்கத் தொடும். சந்தோகு இருந்தால் அதுவே போதும். இலையைக் கழுவி, துணியில் ஒற்றி ஈரம் எடுத்து, சுருட்டுப் போல இறுக்கிச் சுருட்டுங்கள். கத்தியை மேலும் கீழும் குத்தாமல் முன்னால் தள்ளி ஒரே வெட்டாக அரியுங்கள். அரிந்ததையே திரும்பப் போட்டுக் கொத்தாதீர்கள். முந்தின நாள் பின்னேரம் 1000 கல்லில் தீட்டி வைத்த கத்தி என்றால், பலகையில் பச்சைச் சாறு அதிகம் படியாது. அதற்குப் பிறகும் கறுத்தால் மறுபடி எழுதுங்கள், கத்தியின் பெயரையும் கல்லின் எண்ணையும் மறக்காமல் சேர்த்து.