தோலைச் சீவ வேண்டாம் அக்கா, கழுவினால் போதும்

மெழுகுக்குப் பயந்து ஆப்பிளைத் தோல் சீவி பிள்ளைக்குக் கொடுத்து விடுகிறீர்கள், மதியம் டப்பாவைத் திறந்தால் துண்டெல்லாம் கறுத்துப்போய் அப்படியே வீட்டுக்குத் திரும்பி வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் சீவுவதை நிறுத்துங்கள். 100 கிராம் ஆப்பிளில் தோலோடு சுமார் 2.4 கிராம் நார்ச்சத்து உண்டு, சீவினால் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். பழத்துக்குப் பூச அனுமதித்த மெழுகு சாப்பிடக்கூடியதுதான், இருந்தாலும் மனசு கேட்காவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள், வெள்ளையாக எதுவும் ஒட்டாவிட்டால் சரி.

கறுப்பதற்குக் காரணம், வெட்டின இடத்தில் காற்றுப் பட்டதும் பழத்திலுள்ள நொதி வேலை செய்வதுதான், கெட்டுப்போய்விடவில்லை. ஒரு கிண்ணம் தண்ணீரில் கொஞ்சம் உப்பைக் கரைத்து, துண்டுகளை ஐந்து நிமிடம் போட்டு எடுத்து, நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசி டப்பாவில் அடையுங்கள். பல் ஆடாத பிள்ளை என்றால் சின்னப் பழமாகப் பார்த்து முழுசாகவே கொடுத்துவிடலாம், நறுக்கென்று கடிக்கிறதில்தானே பாதி ருசி!

அப்புறம், நாகர்கோவில் வடசேரி சந்தையில் ஆப்பிள் விலை கேட்டு மலைக்கிற நாளில் கொய்யா வாங்குங்கள், வைட்டமின் சி அதில்தான் பல மடங்கு அதிகம். நம்மூர் மட்டி வாழைப்பழமும் இருக்கவே இருக்கிறது.