டி. பி. ராஜலட்சுமி: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

ஐயா, முதல் தமிழ்ப் பேசும் படத்தின் கதாநாயகி இவர்தானா? – திருச்சி வாசகி

ஆமாம் அம்மா. படம் ‘காளிதாஸ்’. எச். எம். ரெட்டி இயக்கியது, பம்பாயில் அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கம்பெனி எடுத்தது. 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரல் கொட்டகையில் வெளியானது. ராஜலட்சுமி பிறந்தது 1911 நவம்பர் 11, திருவையாற்றில். படம் வந்த அன்று அவருக்கு இருபது வயது நிறைய இன்னும் பதினோரு நாள் இருந்தது! ஆனால் “முதல் கதாநாயகி” என்ற ஒரு வரியோடு அவரை முடித்துவிடுகிறோமே, அதுதான் எனக்கு ஆற்றாமை. கீழே வரும் பதில்களில் காரணம் தெரியும்.

காளிதாஸ் முழுக்கத் தமிழ்ப் படம் இல்லை என்கிறார்களே? – சேலத்துத் தம்பி

சரிதான் தம்பி. ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் பி. ஜி. வெங்கடேசன் தெலுங்கில் பதில் சொல்வார். கூட நடித்த எல். வி. பிரசாத் இந்தி பேசினார். அன்றைக்கு யாரும் அதைக் குறையாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. திரை பேசுகிறது என்பதே பெரிய அதிசயம், எந்த மொழி என்பது அப்புறம்தான்.

பாட்டுக் கதை இன்னும் விசேஷம். காளிதாசர் காலத்துக் கதையில் தியாகராஜ கீர்த்தனையும் உண்டு, மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய காந்தி ராட்டைப் பாட்டும் உண்டு. கதைக்குச் சம்பந்தமே இல்லை. ஆனால் நாடக மேடையில் அதுதான் வழக்கம். புராண வேஷத்தோடு நின்றபடியே தேசப் பாட்டைப் பாடுவார்கள், கொட்டகை அதிரும். மேடையில் பழகிய அந்தத் துணிச்சலை ராஜலட்சுமி அப்படியே கேமரா முன்னால் கொண்டுவந்தார். கூடவே அவருடைய குறத்தி நடனமும் தனித் துண்டாகக் காட்டப்பட்டது.

அப்போது பின்னணிப் பாட்டு கிடையாதே, எப்படிச் சமாளித்தார்கள்? – கோவையிலிருந்து ஓர் இசை மாணவர்

நடிக்கும்போதே பாட வேண்டும். பக்கவாத்தியக்காரர்கள் கேமரா கண்ணில் படாமல் ஓரமாக உட்கார்ந்து வாசிப்பார்கள். நடிகை அசைந்தாலும் குரல் மைக்கை விட்டு விலகக் கூடாது. ஸ்வரம் பிசகினால் முதலிலிருந்து எடுக்க வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடிப் பழகிய தொண்டை அவருடையது. பேசும் படம் வந்ததும் நாடகக் கம்பெனிக்காரர்களைத் தேடிப் போனதற்கு இதுதான் காரணம். அழகு இரண்டாம் பட்சம்.

நாடகத்துக்கு எப்படி வந்தார்? – பெயர் வேண்டாம் என்ற வாசகி

உங்கள் கடிதத்தில் இருந்த வருத்தம் புரிகிறது அம்மா. சின்னஞ்சிறு வயதில் கல்யாணம், அது நிலைக்கவில்லை. தந்தையும் போய்விட்டார். தாய் மீனாட்சி மகளோடு திருச்சிக்கு வந்து, நாடகக் கம்பெனியில் சேர்த்துவிட்டார். பெரும்பாலும் ஆண்களே பெண் வேஷம் கட்டிய காலம் அது. பிராமணக் குடும்பத்துப் பெண் மேடை ஏறினால் ஊர் என்ன பேசியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் ஆதரவு அந்தச் சிறுமிக்குக் கிடைத்தது பெரிய பாக்கியம்.

ராஜலட்சுமி நடித்த ‘வள்ளி திருமணம்’ படத்தை ஏன் கல்கத்தாவில் எடுத்தார்கள்? – மதுரை வாசகர்

1933-இல் சென்னையில் பேசும் பட ஸ்டுடியோ கிடையாது. அடுத்த வருஷம்தான் ஏ. நாராயணனின் ஸ்ரீனிவாஸா சினிடோன் வந்தது. (அங்கே ஒலிப்பதிவு செய்தவர் நாராயணனின் மனைவி மீனாட்சி. அவரைப் பற்றியும் ஒரு நாள் எழுத வேண்டும்.) வள்ளி திருமணம் நன்றாக ஓடியது. அதில் நாரதராக நடித்த டி. வி. சுந்தரத்தைத்தான் ராஜலட்சுமி மணந்தார்.

படம் இயக்கினாரா? எங்கள் சினிமா வகுப்பில் சொல்லவே இல்லையே! – சென்னை மாணவி

சொல்லியிருக்க வேண்டும்! 1936-இல் ‘மிஸ் கமலா’. அவரே எழுதிய ‘கமலவல்லி’ நாவல்தான் கதை. ஒருவனை விரும்பிய பெண்ணை வேறொருவனுக்குக் கட்டிவைப்பதில் தொடங்குகிறது. பெரும்பாலோர் புராணம் எடுத்த நாளில், ஒரு பெண்ணின் மனசை வைத்துச் சமூகப் படம். கதை, தயாரிப்பு, இயக்கம், நடிப்பு எல்லாம் அவரே. தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர். இந்தியாவில் அவருக்கு முன்னோடி, 1926-இலேயே மௌனப் படம் இயக்கிய ஃபாத்மா பேகம். பிறகு 1939-இல் ‘மதுரை வீரன்’ படத்தையும் ராஜலட்சுமி இயக்கினார்.

அப்புறம் என்ன ஆனார்? – ஈரோட்டு வாசகர்

1938-இல் ‘நந்தகுமார்’ படத்தில் யசோதை. சிறுவன் டி. ஆர். மகாலிங்கம் கண்ணன். ராஜலட்சுமிக்கு அப்போது வயது இருபத்தாறுதான், அதற்குள் அம்மா வேஷம்! 1940-களில் வாய்ப்பு சுருங்கிவிட்டது. 1961-இல் கலைமாமணி விருது வந்தது. 1964-இல் சென்னையில் காலமானார்.

இன்று எதைப் பார்க்கலாம்? – பல பேர்

காளிதாஸ் பிரதி இல்லை. மிஸ் கமலாவும் இல்லை. சில புகைப்படங்களும் விளம்பரங்களும்தான் மிச்சம். அப்புறம் அந்தப் பெயர். மிஸ் கமலா வந்த வருஷம் பிறந்த மகளுக்கும் கமலா என்றே பெயர் வைத்தார்.