டாக்டர் ஃபாஸ்டஸ் போன்ற பழைய ஆங்கில நாடகங்களை வகுப்பில் நடத்த என்னென்ன உதவும்?

இளங்கலை ஆங்கில இலக்கிய வகுப்புக்கு, ஷேக்ஸ்பியர் காலத்து நாடகாசிரியர் கிறிஸ்டோபர் மார்லோவின் 'டாக்டர் ஃபாஸ்டஸ்' (மந்திர சக்திக்காகத் தன் ஆன்மாவைச் சாத்தானுக்கு விற்றுவிடும் ஓர் அறிஞனின் கதை) நடத்த வேண்டியிருக்கிறது, கைடையும் யூடியூப் கதைச்சுருக்கத்தையும் தாண்டிக் காசில்லாமல் என்ன கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அதே நாடகத்தைப் பல வருடங்களாக நடத்துபவன். என் கருத்தில், விளக்கவுரைகளைத் தேடுவதைவிட அந்தக் காலத்து நாடகக் கொட்டகையில் புழங்கிய தாள்களைத் தேடுவது நல்லது. அவற்றில் பல இன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

முதலில் மூலம். பிராஜெக்ட் குட்டன்பர்க் என்ற இலவச மின்னூல் தளத்தில் இந்த நாடகம் இரண்டு முறை இருக்கும்: ஒன்று 1604 பதிப்பு, மற்றொன்று 1616 பதிப்பு. மார்லோ 1593-லேயே கொல்லப்பட்டுவிட்டார், ஆக இரண்டுமே அவர் கண்ணால் பார்க்காத அச்சு. 1616 பதிப்பில் ஏறக்குறைய 600 வரிகள் அதிகம். இந்த நாடகம் நடிக்கப்பட்ட லண்டன் ரோஸ் அரங்கின் முதலாளி பிலிப் ஹென்ஸ்லோ, 1602-ல் இந்த நாடகத்தில் புதிதாகச் சேர்த்து எழுத வில்லியம் பேர்ட், சாமுவேல் ரௌலி என்ற இருவருக்கு 4 பவுண்டு கொடுத்ததாகத் தன் கணக்குப் புத்தகத்தில் குறித்திருக்கிறார். அந்தச் சரக்குதான் 1616-ல் அச்சேறியது என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். நடத்துவதற்கு நான் எடுப்பது சிறியதான 1604 பதிப்பைத்தான். ஆனால் கடைசிக் காட்சியை மட்டும் இரண்டு பதிப்பிலிருந்தும் எடுத்து ஒரே தாளில் அச்சடித்துக் கொடுங்கள். 1604-ல் பேய்கள் ஃபாஸ்டஸை இழுத்துப் போகின்றன, கதைசொல்லியான கோரஸ் வந்து நாடகத்தை முடித்துவிடுகிறது. 1616-லோ மறுநாள் காலை சக அறிஞர்கள் வந்து, துண்டு துண்டாகக் கிடக்கும் உடலைப் பார்க்கிறார்கள். எது பயங்கரம், காட்டாமல் விடுவதா காட்டுவதா என்று கேட்டுவிட்டு நீங்கள் உட்கார்ந்துகொள்ளலாம். மீதி நேரத்தை வகுப்பே பார்த்துக்கொள்ளும்.

அப்புறம், நான் அதிகம் நம்பும் முறை. அக்காலத்தில் நடிகர்களுக்கு முழு நாடகமும் கையில் கிடைக்காது. கையால் பிரதி எடுப்பது செலவு, பிரதி வெளியே போய்விடும் என்ற பயமும் உண்டு. ஆகவே ஒவ்வொருவருக்கும் அவரவர் வசனமும், அதற்கு முன்னால் பேசுபவரின் கடைசி இரண்டு மூன்று சொற்களும் மட்டுமே எழுதித் தரப்படும். ஃபாஸ்டஸாக நடித்த எட்வர்ட் ஆலின் வேறொரு நாடகத்தில் ஆர்லாண்டோ வேடத்துக்குப் பயன்படுத்திய அப்படி ஒரு சுருள் இன்னும் இருக்கிறது. அவர் நிறுவிய டல்விச் கல்லூரி அதைப் பாதுகாக்கிறது, ஹென்ஸ்லோ-ஆலின் ஆவணத் தளத்தில் படமாகப் பார்க்கலாம். அதைத் திரையில் காட்டிவிட்டு, உங்கள் மாணவர்களுக்கும் அதே போலத் தாள் வெட்டிக் கொடுங்கள்.

பெருந்தீனி, சோம்பல் என ஏழு பாவங்கள் மனித உருவில் ஃபாஸ்டஸ் முன் அணிவகுத்து வரும் காட்சி இதற்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். ஏழும் உரைநடை, ஏழும் சின்ன வேடம். ஆங்கிலத்தில் வாய் திறக்கவே கூசும் பிள்ளைகூட நாலு வரி பேசிவிடும். பெருந்தீனிக்கு அப்பா அம்மா விட்டுப்போனது, தினம் முப்பது வேளைச் சாப்பாட்டுக்கும் பத்து நொறுக்குத் தீனிக்கும் மட்டுமே காணும் உதவித்தொகை. பாவம், போதவில்லையாம்! சோம்பலுக்கு இன்னொரு வார்த்தை பேசக்கூட மனமில்லை. அந்த வேடத்துக்குத்தான் எப்போதும் போட்டி. தனக்கு முன்னால் பேசுபவர் என்ன சொல்லப்போகிறார் என்று தெரியாததால் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் போன் நோண்டும் வழக்கம் அந்த ஒரு மணி நேரமாவது நிற்கும்.

ஹென்ஸ்லோ தாள்களில் இன்னொன்று, 1598-ல் எழுதிய அரங்கப் பொருள் பட்டியல். மூலத்தாள் தொலைந்துபோய், 18-ஆம் நூற்றாண்டில் எட்மண்ட் மலோன் என்ற அறிஞர் அச்சிட்ட நகல்தான் மிஞ்சியிருக்கிறது. அதில் நரகத்தின் வாசலாக மேடையில் வைக்கும் நரக வாய் ஒன்று, ஃபாஸ்டஸுக்கான டிராகன் ஒன்று, 'ரோம் நகரம்' என்றே ஓர் உருப்படி. ஒரு நகரத்தையே சாமான் பட்டியலில் எழுதியிருக்கிறார்கள் என்பதில் மாணவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் எந்தப் பொருள் எந்தக் காட்சிக்கு வந்திருக்கும் என்று தேடச் சொல்லுங்கள். நாடகத்தை முழுசாகப் படிக்காமல் அந்த விடை கிடைக்காது. நமக்கு வேண்டியதும் அதுதானே.

பேய்கள் வருமுன் ஃபாஸ்டஸ் தனியே பேசும் கடைசித் தனிமொழிக்கு ஒரு கைப்பேசி போதும். பதினொன்று அடிக்கிறது, பிறகு அரை மணி, பிறகு பன்னிரண்டு. ஒரு மணி நேரம் முழுவதும் 60 வரிக்குள் ஓடிவிடுகிறது. ஒருவர் வாசிக்க, இன்னொருவர் ஸ்டாப்வாட்ச் பிடித்து மணி அடிக்கும் மூன்று இடங்களிலும் நேரம் குறிக்கட்டும். இரண்டாம் பாதி முதல் பாதியைவிடக் குறைந்த வரிகளில் முடிவதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். நடுவில் வரும் லத்தீன் வரியை மட்டும் நீங்கள் சொல்லிக் கொடுங்கள்: 'இரவின் குதிரைகளே, மெல்ல ஓடுங்கள்' என்ற அது பழைய ரோமானியக் கவிஞர் ஓவிட்டின் காதல் கவிதையிலிருந்து வந்தது. அங்கே காதலியை அணைத்திருப்பவன் விடிய வேண்டாம் என்று கெஞ்சுகிறான். அதே வரியை இங்கே நரகத்துக்குப் போகப்போகிறவன் சொல்கிறான்.

ஒலிவடிவம் லிப்ரிவாக்ஸில் இலவசமாக இருக்கிறது, தன்னார்வலர்கள் வாசித்தது என்பதால் சுமார்தான். ஷேக்ஸ்பியரும் பாடத்தில் இருந்தால் ஃபோல்ஜர் நூலகத் தளத்தில் எல்லா நாடகங்களும் இலவசமாகக் கிடைக்கும். தரவிறக்கி அப்படியே வெட்டி ஒட்ட வசதியானது.

படம் காட்டுவதென்றால் ரிச்சர்ட் பர்ட்டன் நடித்த 1967 படத்தை முழுதாகப் போடாதீர்கள், வகுப்பு தூங்கிவிடும். ஃபாஸ்டஸ் வரவழைக்கும் கிரேக்கப் புராணப் பேரழகி ஹெலனாக எலிசபெத் டெய்லர் வரும் பகுதி மட்டும் போதும். அவ்வளவு பெரிய நட்சத்திரத்துக்கு ஒரு வசனமும் இல்லை, ஏனென்றால் மார்லோவும் ஹெலனைப் பேசவிடவில்லை. ரோஸ் அரங்கில் அந்த வேடத்தில் நின்றது ஒரு பையன் என்பதையும் சொல்லிவிட்டு, ஃபாஸ்டஸ் அங்கே உண்மையில் யாரை முத்தமிடுகிறான் என்று கேளுங்கள். பேய்தான் ஹெலன் உருவில் வந்திருக்கிறது என்று ஒரு கட்சி எழும், இல்லை என்று இன்னொரு கட்சி. வரி காட்டி வாதாடச் சொல்லுங்கள்.