நானுஓயாவில் ஏசி: சூட்டுக்காக வாங்குங்கள், குளிருக்காக வேண்டாம்

நானுஓயாவிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதத்தின் சுருக்கம் இது: "அம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. மூட்டுவலியும் கொஞ்சம் இழுப்பும் இருக்கிறது. அவருடைய அறை 12 அடிக்கு 11 அடி. தகரக் கூரை, அடியில் சீலிங் அடித்திருக்கிறோம். இரவில் ஒயில் ஹீட்டர் போட்டுப் போட்டு கரண்ட் பில் தாங்க முடியவில்லை. அலமாரியைத் திறந்தால் உடுப்பெல்லாம் பூஞ்சணம். கொழும்பில் இருக்கும் தம்பி, 'ஏசி போடு அக்கா, அதில் சூடும் வரும்' என்கிறான். வீடு திருத்தும் மேசன் பாஸ், சீலிங்குக்கு மேலே டக்ட் (காற்று போகும் பெரிய குழாய்) ஓட்டி எல்லா அறைக்கும் ஒரே மெஷினில் கொடுக்கலாம் என்கிறார். கடைக்காரர் 18,000 பிடியூ (ஏசியின் பலத்தைச் சொல்லும் அளவு) எடுக்கச் சொல்கிறார். இந்தக் குளிரில் ஏசியா என்று அயலில் சிரிக்கிறார்கள். நான் யார் சொல்வதைக் கேட்பது?"

தம்பி சொல்வதைக் கேளுங்கள். ஆனால் கடைக்குப் போகுமுன் இதையும் வாசித்துவிட்டுப் போங்கள். தம்பி சொன்னது எல்லா ஏசிக்கும் பொருந்தாது.

முதலில் பாஸ் சொன்ன டக்ட் விஷயத்தை முடித்துவிடுவோம். அது ஹோட்டலுக்கும் பெரிய மண்டபத்துக்கும் சரி, உங்கள் வீட்டுக்குச் சரிவராது. டக்ட் ஓடும் இடம் சீலிங்குக்கும் தகரத்துக்கும் இடைப்பட்ட வெளி. இரவில் வீட்டிலேயே ஆகக் குளிரான இடம் அதுதான். அதன் வழியாகச் சூட்டுக் காற்றை அனுப்பினால் பாதி வழியிலேயே ஆறிவிடும். சூடாக்காத கூரை வெளியில் போடும் டக்ட்டுகளில் 30 சதவீதத்துக்கு மேலேயே சக்தி வீணாகலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. அங்கே அந்த வேலைக்கென்றே பழகிய ஆட்கள் இருக்கிறார்கள். இங்கே மூட்டுக்கு மூட்டு டேப் ஒட்டும் நிலைமை. போதாததற்கு எலி குடியேறும், உள்ளே ஈரம் படிந்து பூஞ்சணம் பிடிக்கும், கழுவவும் வழியில்லை. இருக்கிற பூஞ்சணத்துக்கு நாமே சுரங்கப் பாதை வெட்டிக் கொடுத்த கதையாகிவிடும்.

ஸ்பிளிட் ஏசி என்றால் அறைக்குள் ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி. இரண்டையும் இணைக்க மூன்று அங்குல அளவில் சுவரில் ஒரு துளை போதும். இரண்டு செப்புக் குழாய், ஒரு வயர், தண்ணீர் போக ஒரு பைப், அவ்வளவுதான். கூரையில் கைவைக்க வேண்டியதில்லை, ஜன்னலும் போகாது. முக்கியமாக, அம்மாவின் அறையை மட்டும் சூடாக்கலாம். ஆளில்லாத விறாந்தைக்கும் சாப்பாட்டு அறைக்கும் சேர்த்து காசு கட்டத் தேவையில்லை. மலைநாட்டு வீட்டில் இதன் முதல் நன்மை இதுதான் என்பேன்.

இனி சூடு எப்படி வருகிறது என்று பார்ப்போம். ஹீட்டர் ஒரு அலகு கரண்ட்டை எடுத்து ஒரு அலகு சூட்டைத்தான் தரும். அதை விற்கிறவர் என்ன சொன்னாலும் அதற்கு மேல் ஒரு துளிகூட வராது. சூடும் தரும் ஏசி அப்படிச் சூட்டை உண்டாக்குவதில்லை, வெளியே இருப்பதை உள்ளே இழுத்து வருகிறது. பிரிட்ஜின் பின்பக்கம் கையை வைத்துப் பார்த்தால் சூடாக இருக்குமே, அது உள்ளிருந்து இறைத்து வெளியே விட்ட சூடு. இங்கேயும் அதே வேலைதான், திசை மட்டும் உங்கள் பக்கம். வெளியே 7 பாகைக் குளிரிலும் காற்றில் எடுக்கக்கூடிய சூடு நிறையவே இருக்கிறது. நல்ல இன்வர்ட்டர் மெஷின் (தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வகை) அந்தக் குளிரில் ஒரு அலகு கரண்ட்டுக்கு மூன்று முதல் நான்கு அலகு சூடு தரும். மலைக்கும் ஈரத்துக்கும் கழித்து இரண்டரை என்றே வைத்துக் கணக்குப் பார்ப்போம். ஹீட்டர் ஓர் இரவில் 12 அலகு குடிக்கிறது என்றால் மாதம் 360 அலகு. அதே சூட்டுக்கு இந்த மெஷின் மாதம் 150 அலகுக்குக் கிட்டத்தான் எடுக்கும். அலகு கூடக்கூட ஒரு அலகின் விலையும் ஏறும் பட்டியல் நம்முடையது என்பதால், பில்லில் தெரியும் வித்தியாசம் இந்தக் கணக்கைவிடப் பெரிதாகவே இருக்கும்.

தம்பி விட்ட இடம் இதுதான்: நம் கடைகளில் அதிகம் இருப்பவை குளிர் மட்டும் தரும் மெஷின்கள். கொழும்பு, நீர்கொழும்பு சூட்டை மனதில் வைத்து இறக்குமதி செய்தவை. ரிமோட்டில் சூரியன் படம் இருப்பதைக் காட்டி "இதோ ஹீட் இருக்கு" என்பார்கள். அதை நம்பாதீர்கள். ஒரே ரிமோட்டை இரண்டு வகைக்கும் போடும் கம்பனிகள் உண்டு. சூரியனை அமுக்கினாலும் வெறும் காற்றுதான் வரும். வெளிப் பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தகட்டை வாசியுங்கள். 'கூலிங்' என்று ஒரு வரி, 'ஹீட்டிங்' என்று இன்னொரு வரி, இரண்டுக்கு எதிரேயும் வாட் கணக்கு இருக்க வேண்டும். ஹீட்டிங் வரியே இல்லையென்றால், அல்லது அங்கே வெறும் கோடு இருந்தால், விலை எவ்வளவு மலிவானாலும் திரும்பிப் பார்க்காமல் வாருங்கள். உள்ளே திறந்து பார்க்க விட்டால் இன்னும் நல்லது. கொம்ப்ரசருக்கு மேலே ஒரு சிறு உருளை, ஒரு பக்கம் ஒரு குழாயும் மறுபக்கம் மூன்று குழாயுமாக நிற்கும். அதுதான் குழாய்க்குள் ஓடும் கேஸின் திசையை மாற்றும் வால்வு. அது இல்லாத மெஷின் சூடு தராது. அந்தக் கேஸ் ஆர்32 என்ற வகையாக இருப்பது நல்லது. பழைய ஆர்22 மெஷினைக் கைமாற்றாக யாராவது தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்தது அளவு. 132 சதுர அடிக்கு 18,000 பிடியூ என்பது கடைக்காரருக்கு லாபமே தவிர அம்மாவுக்கு அல்ல. இன்வர்ட்டர் மெஷின் மெல்ல மெல்ல ஓடிக்கொண்டே இருப்பதில்தான் சிக்கனம். அளவு மிஞ்சினால் ஐந்து நிமிடம் சூடு ஊதி நிற்கும், அறை ஆறும், மறுபடி ஊதும். உங்கள் அறைக்கு 9,000 போதும், அது 2.6 கிலோவாட்டுக்குக் கிட்ட. ஜன்னல் பெரிதாகவோ வெளிச்சுவர் இரண்டாகவோ இருந்தால் 12,000 எடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஒன்று மட்டும் கவனம்: தகட்டில் எழுதும் சூட்டு அளவு கடல் மட்டத்தில், வெளியே 7 பாகையில் அளந்தது. நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்று கொழும்பைவிட ஆறில் ஒரு பங்கு அளவுக்கு மெலிந்தது. நானுஓயாவில் கொஞ்சம் குறைவு. காற்று மெலிந்தால் விசிறி தள்ளும் சூடும் குறையும். அதைக் கழித்தாலும் உங்கள் ஹீட்டருக்குக் குறையாது.

பூஞ்சணத்துக்கு வருவோம். 'டிரை' என்ற பட்டனை அமுக்கினால் ஈரம் போய்விடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். கண்டியிலோ மாத்தளையிலோ பதுளையிலோ அது சரி. உங்கள் ஊரில் சரிவராது. டிரை என்பது மெல்லிய குளிரூட்டல். காற்றைக் குளிரவைத்துத்தான் தண்ணீரைப் பிரிக்கிறது. ஏற்கெனவே 15, 16 பாகையில் கிடக்கும் அறையில் அதைப் போட்டால் அம்மா நடுங்குவார், உள்ளே இருக்கும் காயிலில் ஐஸ் கட்டும், ஈரமும் பெரிதாகக் குறையாது. நீங்கள் செய்ய வேண்டியது சூட்டை ஏற்றுவது. 15 பாகையில் ஒரு கனமீற்றர் காற்று ஏறக்குறைய 13 கிராம் நீராவியைத் தாங்கும். 20 பாகையில் 17 கிராமுக்கு மேல் தாங்கும். அதாவது 15 பாகையில் 90 சதவீத ஈரப்பதனோடு இருக்கும் அறையை 20 பாகைக்கு ஏற்றினால், ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட எடுக்காமலே ஈரப்பதன் 67 சதவீதம் ஆகிவிடும். பூஞ்சணத்துக்கு அது பிடிக்காது. அலமாரியை வெளிச்சுவரில் ஒட்டி வைக்காமல் நான்கு அங்குலம் தள்ளி வையுங்கள், அந்தச் சூடு பின்பக்கமும் போகட்டும். பகலில் கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறக்கவும் வேண்டும். ஸ்பிளிட் ஏசி அறைக் காற்றையே சுற்றிச் சுற்றி விடும், புதுக் காற்றைக் கொண்டுவராது. இழுப்புக்காரருக்குப் பூஞ்சணம் குறைவது நல்லதுதான். ஆனால் மருத்துவர் தந்த பம்ப்பை நிறுத்திவிட வேண்டாம்.

குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவரும் பழக்கம் வீட்டில் இருந்தால் இன்றோடு விடுங்கள். மூடிய அறையில் கரியிலிருந்து வரும் காபன் மொனொக்சைட் வாயு நிறத்திலும் மணத்திலும் தெரியாமல் ஆளைக் கொன்றுவிடும்.

பூட்டும் நாளில் நீங்கள் கூடவே நில்லுங்கள். உள் பெட்டியைக் கட்டிலுக்கு நேர் மேலே வைக்க விடாதீர்கள். சூட்டுக் காற்று மேலே ஏறும் என்பதால் காற்றுத் தடுப்பு கீழ் நோக்கி ஊதும்படி வையுங்கள். இல்லாவிட்டால் சீலிங் சுடும், கால் குளிரும். வெளிப் பெட்டிக்கு நம் ஊர்களில் ஒரு தனித் தொல்லை உண்டு. வீட்டின் முன்பக்கம் நிலத்தோடு இருக்கும், பின்பக்கம் இருபது அடிப் பள்ளம். முன்பக்கம் அழகு கெடும் என்று பள்ளத்துப் பக்கச் சுவரில் தொங்கவிட்டுவிடுவார்கள். அப்புறம் சேர்விஸுக்கு வருகிறவர் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். ஒரு ஆள் நின்று வேலை செய்யக்கூடிய இடத்தில் வையுங்கள். விறகு அடுப்புப் புகைபோக்கிக்குப் பக்கத்தில் வேண்டாம்.

குழாய் பூட்டியதும் வக்கியூம் பம்ப் போட்டு உள்ளிருக்கும் காற்றை இழுக்க வேண்டும். கேஸைக் கொஞ்சம் திறந்து காற்றை வெளியே தள்ளினால் போதும் என்கிறவரை அனுப்பிவிடுங்கள். கொழும்பிலிருந்து வரும் மெக்கானிக் ஒருவர் குழம்பக்கூடிய இடமும் இதுதான். அங்கே அழுத்தமானியின் முள் கழித்தல் 30 அங்குலத்துக்குக் கிட்டப் போகும். நம் உயரத்தில் காற்றழுத்தமே குறைவு, ஆகவே முழுமையாக இழுத்தாலும் முள் கழித்தல் 24, 25 பக்கம் நின்றுவிடும். அது லீக் அல்ல.

கரண்ட் பக்கம்: ஏசிக்கு மெயின் போர்டிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், சரியான எர்த், வேலை செய்யும் டிரிப் சுவிட்ச். மின்னல் தடுப்பு ஒன்றும் போட்டுவிடுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இன்வர்ட்டர் போர்டு ஒன்று போனால் அதன் விலை புது மெஷினில் பெரிய பங்கு. இடி தொடங்கினால் பிரேக்கரை இறக்கிவிடுங்கள்.

ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழும் இரவுகளில் ஒன்று நடக்கும், பயப்படாதீர்கள். சூடு ஊதிக்கொண்டிருந்த மெஷின் திடீரென நின்று, வெளியே 'புஸ்' என்று ஒரு சத்தம் கேட்டு, பெட்டியின் அடியிலிருந்து தண்ணீர் ஓடும். வெளிப் பெட்டியில் படிந்த பனியை அதுவே உருக்குகிறது. சில நிமிடங்களில் மறுபடி சூடு வரும். அந்தத் தண்ணீர் வழியும் இடத்தில் நடைபாதை இருந்தால் பாசி பிடித்து வழுக்கும், ஒரு பைப் போட்டுக் காணுக்கு விடுங்கள்.

ரிமோட்டில் 20 அல்லது 21 வையுங்கள். 28 வைத்தால் சீக்கிரம் சூடாகாது, பில்தான் ஏறும். பில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். வீட்டில் விறகு அடுப்பு எரிந்தால் வாராவாரம். புகையின் பிசுக்கு அதில் கறுப்பாக ஒட்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு சின்னச் செலவு இருக்கிறது. சுவரின் மேல் விளிம்புக்கும் தகரத்துக்கும் இடையில், ஜன்னல் சட்டத்தைச் சுற்றி, கதவின் அடியில் இரவில் கையை வைத்துப் பாருங்கள். குளிர்காற்று தெரியும் இடத்தையெல்லாம் அடைத்து, ஜன்னலுக்குத் தடித்த திரை போடுங்கள். சீலிங்கே இல்லாத லயன் அறையில் இருந்து கேட்டிருந்தால் முதலில் சீலிங் அடியுங்கள், மெஷின் பிறகு என்றுதான் சொல்லியிருப்பேன். மேலே திறந்த அறையில் எவ்வளவு சூடு ஊதினாலும் தகரம்தான் குடிக்கும்.

மற்ற அறைகளுக்கும் ஆசை வந்தால், ஒரு வெளிப் பெட்டியில் மூன்று உள் பெட்டி இணைக்கும் வகையை எடுக்காமல் அறைக்கு ஒன்றாகத் தனித்தனியே போடுங்கள். அந்த ஒற்றைப் பெட்டி பழுதானால் உதிரிப்பாகம் கொழும்பிலிருந்து வரும்வரை வீடு முழுக்கக் குளிரில் கிடக்கும். அதே காரணத்துக்காக உங்கள் பழைய ஒயில் ஹீட்டரையும் விற்றுவிடாதீர்கள். ஒரு மூலையில் இருக்கட்டும். கரண்ட் போகும் இரவுக்கு மட்டும் அதுவும் உதவாது. அம்மாவுக்கு ஒரு சுடுதண்ணிப் பை வாங்கி வையுங்கள்.